கடைசி முறிக்கு வெட்டம் வேணும்

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு பல்பு காணாமல் போய்விட்டது.

வீட்டில் என்றால்... வீட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஓர் ஐஸ் கம்பெனியில். அந்த ஐஸ் கம்பெனியின் கடைசி அறையில், ஒயரில் தொங்கி ஆடிக்கொண்டிருந்த ஒரு மஞ்சள் பல்பு. தொட்டால் சுடாது, கழற்றினால் கையில் வராது, விழுந்தால் உடையாது. ஆனால் அது காணாமல் போனதற்கு எங்கள் வீட்டில் நடந்த அமர்க்களம் இருக்கிறதே... நகை திருட்டுப்போன வீட்டில்கூட அவ்வளவு நடக்காது!

முதல் சந்தேகம் என்மேல்தான் விழுந்தது. நியாயம்தான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எனக்குச் சோறு இறங்காது. கல்யாண வீடோ, துக்க வீடோ, என் கை தானாகச் சுவிட்சைத் தேடும். ஒருமுறை மார்த்தாண்டத்தில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில், வெளி அறையில் யாருமில்லையே என்று விளக்கை அணைத்துவிட்டு வந்தேன். மூலையில் ஓர் அம்மாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

இப்படிப்பட்டவனுக்குக் கர்த்தர் பார்த்துக் கொடுத்த மனைவி யார்? விளக்கு வைப்பதையே வேலையாகக் கொண்டவள்.

நாங்கள் ஷார்ஜாவில் இருந்தபோது சுஜா ஓர் இன்டீரியர் கம்பெனியில் வேலை பார்த்தாள். இன்னும் கட்டாத வில்லாக்களைக் கட்டிமுடித்ததுபோல் கம்ப்யூட்டரில் உண்டாக்கி, சோபாவின்மேல் சாயங்கால வெயில் விழுவதுபோல் காட்டுகிற வேலை. ஊருக்குத் திரும்பியபின் பல வருஷம் சும்மா இருந்தாள். சும்மா என்றால் சமையல், சபை, என் அப்பாவுக்கு ஆஸ்பத்திரி அலைச்சல்... இதெல்லாம் எங்கள் ஊரில் சும்மாதான். நாற்பத்து மூன்றாவது வயதில் ஒருநாள் சென்னையில் உள்ள ஒரு வீடியோ கேம் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டாள். வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் முதல் ஆறு மாதம் தற்காலிகம். பிடித்தால் வைத்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால், மறுபடியும் சும்மா.

"கேமுக்கு லைட் வைக்கிறா" என்று நான் பெருமையாகச் சொன்னதைப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"சுஜா மோளே, இந்த கிறிஸ்மஸுக்கு நம்ம குடிலுக்கு சீரியல் செட்டு நீயே போட்டுத் தருவியா? வெளியாளுக்கு எதுக்குச் சொல்லணும்?"

"அக்கா, நான் வைக்குத லைட்டு எல்லாம் கம்ப்யூட்டருக்க உள்ளதான் எரியும்."

"அதுக்கென்ன மோளே, அதையும் கொண்டு வா!"

ஸ்டெல்லா அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே அந்த வேலை புரிய மாசங்கள் ஆயின.

கேமில் விளக்கு இரண்டு வகையாம். ஒன்று, பெயின்ட் அடித்த விளக்கு. வெயில் இந்தச் சுவரில் இப்படி விழும், தூணின் நிழல் இங்கே கிடக்கும் என்று முன்கூட்டியே பார்த்து, சுவரிலேயே பூசிவிடுவார்கள். அது அசையாது, வேண்டுமானால் அணைக்கலாம், அவ்வளவுதான். நீங்கள் குறுக்கே போனாலும் உங்கள் நிழல் அதில் விழாது. கம்ப்யூட்டருக்கும் தொந்தரவில்லை.

இன்னொன்றுதான் டைனமிக் லைட். உயிருள்ள விளக்கு. கையில் பிடித்த டார்ச், வளைவில் திரும்பும் லாரியின் ஹெட்லைட், காற்றில் ஆடும் பல்பு... விளக்கு அசைந்தால் நிழலும் அசைய வேண்டும். எங்கே அசையும், எவ்வளவு நீளும் என்று கம்ப்யூட்டர் ஓயாமல் புதிது புதிதாகக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். இந்த வகை பல்பை நாலு இடத்தில் சேர்த்து மாட்டினால் அதற்கு மூச்சு வாங்கும். படம் திக்கித் திக்கி ஓடும். அப்புறம் யார் விளையாடுவார்கள்?

ஆகவே எந்த விளக்குக்கு உயிர் கொடுப்பது, எதற்குப் பெயின்ட் அடித்து விடுவது — இதைத் தீர்மானிப்பதுதான் சுஜாவின் வேலை.

"அப்போ ஆளில்லாத முறியில லைட்டு எரியாதா?" என்று கேட்டேன். முறி என்றால் எங்கள் பக்கத்தில் அறை. இந்தச் சொல்லைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வினையாகப் போகிறது.

"எரியாது. ஆளு கிட்ட வந்தா எரியும். தூரப் போனா தானா அணைஞ்சிரும்."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உலகத்தின் பெரிய பெரிய மூளைகள் எல்லாம் சேர்ந்து கடைசியில் என் கொள்கைக்கு வந்து நிற்கின்றன!

"ஏட்டி, இதத்தான இத்தன வருஷமா நான் சொல்லுதேன்!"

சுஜா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அணைக்கதுக்குப் படிக்காண்டாம். எங்க வைக்கணும்னு தெரியணும். அதுக்காக்கும் எனக்குச் சம்பளம்."

படிக்காண்டாம் என்றால் படிக்க வேண்டாம். அவள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. எங்கள் ஊர் கல்ஃப் வீடுகளைப் பாருங்கள். ஹாலில் ஃபால்ஸ் சீலிங், அதற்குள் ஒளித்து வைத்த நீல விளக்கு, நடுவில் குலைகுலையாகக் கண்ணாடித் தொங்கல். அங்கே யார் உட்காருகிறார்கள்? வருஷத்துக்கு ஒருமுறை பாஸ்டர் வந்து உட்காருவார். அடுக்களையிலோ ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் நிற்பவளின் முதுகுக்குப் பின்னால். மீன் அறுக்கிறவளின் நிழல் மீன்மேலேயே விழும். இதற்கு பிளான் போட்டுக் கொடுத்தவர் படித்த இன்ஜினியர்.

சரி, பல்புக்கு வருகிறேன்.

சுஜாவுக்குக் கொடுத்த கதை இதுதான். கடலோரத்தில் மூடிக்கிடக்கும் ஒரு பழைய ஐஸ் கம்பெனி. காணாமல் போன அண்ணனைத் தேடி ஒருவன் அதற்குள் நுழைகிறான். அறை அறையாகப் போக வேண்டும். கடைசி அறையில் ஓர் இரும்புக் கதவு. அதைத் திறந்தால் அண்ணன். அந்த அறைக்கு வரும்போது கதைப்படி அவன் டார்ச்சில் பேட்டரி தீர்ந்திருக்கும்.

இதற்காக ஒரு விடியற்காலை இருவரும் குளச்சலுக்குப் போனோம். மீன் ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் குனிந்து மீனைப் பார்த்தார்கள். சுஜா மட்டும் நிமிர்ந்து பல்பைப் பார்த்தாள். கடற்காற்றில் பல்பு ஆட, தராசுக் கொக்கியின் நிழல் சுவரில் ஏறி இறங்குவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றாள். மீன்காரப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"ஏ அக்கா, மீனு கீழ கெடக்கு. மேல என்னத்தப் பாக்குத?"

"நெழலப் பாக்கேன்."

"நெழலுக்கு வெல கெடையாது. சாளைக்கு உண்டு. வாங்குதியா, மாறி நிக்கியா?"

சாளை வாங்கினோம். நிழலையும் கொண்டுவந்தோம்.

அந்த நிழல்தான் கடைசி அறையில் வந்து சேர்ந்தது. ஒயரில் ஆடும் ஒரே ஒரு மஞ்சள் பல்பு. முன்னால் ஓர் இரும்புக் கொக்கி. பல்பு ஆட, கொக்கியின் நிழல் மெதுவாகச் சுவரில் நகர்ந்து கதவின்மேல் ஏறும். அப்போதுதான் அங்கே ஒரு கதவு இருப்பதே கண்ணில் படும். இந்த ஒரு பல்புக்கு உயிர் கொடுப்பதற்காக மற்ற அறைகளின் விளக்குகளில் முக்கால்வாசியை ஒவ்வொன்றாகப் பெயின்ட் விளக்காக மாற்றினாள். சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சு. நான் "குழம்பு" என்றால் அவள் "கொக்கி" என்பாள்.

புதன்கிழமை என்னை விளையாட உட்கார்த்தி வைத்தாள். ஒன்றும் தெரியாத ஆள் விளையாடினால்தான் குறை தெரியுமாம். கௌரவமான பதவி.

முதல் அறைக்குள் போனேன். யாருமில்லை. விளக்கு எரிகிறது. சுவரில் சுவிட்ச் இருக்கிறது. பொத்தானை அமுக்கினேன், அணைந்தது. அடுத்த அறை. அங்கேயும் யாருமில்லை. அணைத்தேன். எனக்கு ஆட்டம் ரொம்பப் பிடித்துவிட்டது.

"நீங்க என்ன செய்யுதிய?" சுஜாவின் குரல் ஏறியது. "அண்ணனத் தேடி வந்த ஆளா, கரண்டு ஆபீஸ்ல உள்ள ஆளா?"

காதில் வாங்காமல் நடந்தேன். தூரத்தில் கடைசி அறை. வாசல் வழியாக மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. விறுவிறுவென்று உள்ளே போனேன். பல்பு அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. நாலு சுவரையும் தடவிப் பார்த்தேன்.

"சுஜா, இஞ்ச சுவிட்சு எங்க?"

சுஜா கைதட்டிச் சிரித்தாள். "வந்திய பாத்தியளா! இஞ்ச சுவிட்சு கெடையாது. அணைக்க வந்தாலும் வந்தது வந்ததுதான். வெட்டம் இருந்தா ஆளு வரும்."

வெட்டம் என்றால் வெளிச்சம். இது இரண்டாவது சொல். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. எங்கள் பக்கத்து மழைக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஒரு ரப்பர் மரத்தை மின்கம்பியின்மேல் சாய்க்கும், மற்றதெல்லாம் அப்புறம். கரண்ட் போனது. சாய்ந்த மரம் நெட் ஒயரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. இன்வெர்ட்டரில் ஃபேன் மட்டும் சுற்றியது.

சரியாக அப்போதுதான் சென்னையிலிருந்து அரவிந்தின் மெசேஜ். எல்லாருடைய வேலையையும் ஒன்றாகச் சேர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பொறுப்பில் இருப்பவர் அவர். மறுநாள் காலைக்குள், கேமுக்குப் பணம் போடும் வெளிநாட்டுக்காரர்கள் இதை நாலைந்து பேரிடம் கொடுத்து விளையாட வைத்துப் பார்க்கப்போகிறார்கள். 'மேடம், ஸ்பீட் இன்னும் பத்தல. எந்த லைட்டை எடுக்கலாம்? உடனே சொல்லுங்க.'

பதில் அனுப்பும் அளவுக்குச் சிக்னல் இருப்பது மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும். ஓடினோம். நான் குடை பிடித்தேன், அவளுக்கல்ல, ஃபோனுக்கு. டைப் செய்ய முடியவில்லை. திரையெல்லாம் தண்ணீர். குரல் பதிவாகப் பேசினாள்.

சாதாரணமாகச் சென்னைக்காரர்களிடம் சுஜா பேசுவது டிவி தமிழ். நடுநடுவே இங்கிலீஷ். நான் பக்கத்தில் இருந்தால் யாரோ அறிவிப்பாளர் வீட்டுக்கு வந்திருப்பதாக நினைப்பேன். ஆனால் அவசரம் என்று வந்துவிட்டால் வாயில் வருவது எது? சொந்த ஊர்தான்.

"அரவிந்தே, இஞ்ச கரண்டும் இல்ல, நெட்டும் இல்ல. மத்ததுல என்னமும் செய்யுங்க. கடைசி முறிக்கு வெட்டம் வேணும், கேட்டியளா? கடைசி முறி... வெட்டம் வேணும்... மறந்திரப்பிடாது!"

நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். தெளிவாக, அட்சரசுத்தமாக, ஒரு குழப்பமும் இல்லாமல் இருந்தது. இருவரும் நனைந்துபோய்க் கீழே வந்து நிம்மதியாகச் சாயா குடித்தோம்.

வெள்ளிக்கிழமை காலையில் நெட் வந்தது. பத்து மணிக்கு வீடியோ மீட்டிங். சுஜா தலை சீவி, நல்ல சேலை உடுத்தி உட்கார்ந்தாள். நான் சாயா டம்ளரோடு, கேமராவில் விழாத இடமாகப் பார்த்துச் சுவரோரம் நின்றேன்.

வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் ஆட்கள் விளையாடியதைப் போட்டுக் காட்டினார்கள். ஒருவன் அறை அறையாக வந்தான். டார்ச் மங்கி அணைந்தது. கடைசி அறை வாசலில் நின்றான். உள்ளே கும்மிருட்டு. பல்பைக் காணோம்! கொஞ்ச நேரம் நின்றான். திரும்பி, வந்த வழியே போய்விட்டான். அடுத்தவளும் அப்படித்தான். விளையாடிய அத்தனை பேரும் வாசல்வரை வந்து திரும்பினார்கள். ஒருவராவது அண்ணனைக் கண்டுபிடிக்கவில்லை.

"இந்தக் கதைக்கு முடிவு கிடையாதா?" என்று அவர்களில் மூத்த வெள்ளைக்காரர் மரியாதையாக, இங்கிலீஷில் கேட்டார்.

சுஜா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கேட்டாள்: "நீங்க தொட்டியளா?"

நான் தலையிலடித்துச் சத்தியம் செய்யாத குறை.

சென்னையில் சுஜாவின் மேனேஜர் முகம் இறுகிவிட்டது. "அந்த லைட்டை யார் எடுத்தது?"

அரவிந்த்தான் வாய் திறந்தார். "மேடம்தான் சார் வெட்டச் சொன்னாங்க. வாய்ஸ் நோட் இருக்கு." போட்டே காட்டிவிட்டார். மழைச் சத்தத்துக்கு நடுவில் என் மனைவியின் குரல்: கடைசி முறி... வெட்டம் வேணும்...

"கரெக்டாதானே சார் இருக்கு? கடைசியில இருக்கறதை முறிச்சு வெட்டணும்னு சொல்றாங்க. எனக்கே என்னடா இவ்ளோ கோவமா சொல்றாங்களேன்னு இருந்துச்சு. ரெண்டு தடவை சொல்லி, மறந்துடக் கூடாதுன்னு வேற சொன்னாங்க. அதான் மொத்தமா எடுத்துட்டேன்."

மேனேஜர் இன்னொருமுறை போடச் சொன்னார். கேட்டார். "ஆமா, வெட்டத்தான் சொல்றீங்க" என்றார்.

அத்தனை பேர் கேட்கிறார்கள், வெளிநாட்டுக்காரர்களை விட்டால் அத்தனை பேரும் தமிழர்கள், ஒருவருக்கும் புரியவில்லை. புரிந்த ஒரே ஆள் நான், கேமராவுக்கு வெளியே டம்ளரோடு நிற்கிறேன். அவளுடைய ஆறு மாதம் அந்த மாசத்தோடு முடிகிறது. இந்த வயதில் இந்த வேலை சரிப்படுமா என்று மேனேஜர் ஏற்கெனவே ஒருமுறை ஜாடையாகக் கேட்டிருந்தார். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

சுஜா மைக்கிலிருந்து கையை எடுத்தாள். டிவி தமிழில் நிதானமாகச் சொன்னாள்.

"எங்க ஊர்ல ரூமை முறின்னு சொல்வோம் சார். வெளிச்சத்தை வெட்டம்னு சொல்வோம். கடைசி ரூமுக்கு வெளிச்சம் வேணும்னு சொன்னேன்."

அரவிந்த் நாக்கைக் கடித்துக்கொண்டார். சுஜா தொடர்ந்தாள்.

"அரவிந்த் மேல தப்பில்ல. அவர் கேட்டதும் தமிழ்தான், நான் சொன்னதும் தமிழ்தான். எனக்கு அரை மணி நேரம் குடுங்க, பல்பை மாட்டிட்டு வர்றேன். அவங்களையே விளையாடச் சொல்லுங்க."

கொடுத்தார்கள். வேறு எங்கேயோ இருந்த ஓர் உயிருள்ள விளக்கைப் பெயின்ட் விளக்காக மாற்றி வேகத்தைச் சரிக்கட்டினாள். பல்பை அதே இடத்தில் மாட்டினாள். சாயாவைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நானே குடித்தேன்.

வெள்ளைக்காரரே விளையாடினார். டார்ச் அணைந்தது. தூரத்தில் மஞ்சள் வெளிச்சம். ஒரு நொடிகூட யோசிக்காமல் நடந்தார். அறைக்குள் போய் நின்றார். கொக்கியின் நிழல் சுவரில் நகர்ந்து நகர்ந்து... கதவின்மேல் ஏறியது. "ஆ!" என்றார். அந்தச் சொல்லுக்கு எந்த ஊரிலும் மொழிபெயர்ப்பு தேவையில்லை.

மேனேஜர் மட்டும் "சரி, பேசிட்டுச் சொல்றோம்" என்று முடித்துவிட்டார்.

மீட்டிங் முடிந்து கம்ப்யூட்டரை மூடிய பிறகுதான் சுஜா அழுதாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

தமிழ் ஒன்று என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். நானே பேசியிருக்கிறேன், பொன்னாடையும் வாங்கியிருக்கிறேன். ஆனால் நான் விளக்கு கேட்டால் நீங்கள் அரிவாளை எடுக்கிறீர்களே! களியக்காவிளை எல்லையைத் தாண்டி மலையாளிகளிடம் வெட்டம் கேட்டிருந்தால் ஓடிப்போய் சுவிட்சைப் போட்டிருப்பார்கள். இதை வெளியே சொன்னால் இரண்டு பக்கமும் எனக்கு அடி விழும் என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சென்னையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ஃபோன் மணி அடித்தால் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். ஒருமுறை ஸ்டெல்லா அக்கா, குடில் விஷயமாக.

திங்கட்கிழமை மார்த்தாண்டம் சந்தைக்குப் போய்விட்டு அந்திக்கு வீடு திரும்பினேன். வாசலில் விளக்கில்லை. ஹாலில் விளக்கில்லை. சாப்பாட்டு மேஜைப் பக்கமும் இருட்டு. ஆனால் வீட்டின் பின்கோடியில், தேங்காயும் பழைய சாமானும் போட்டுவைக்கும் கடைசி அறையில், பல்பு எரிந்துகொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை!

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஹாலைத் தாண்டி, அடுக்களையைத் தாண்டி, மேஜை முனையில் முழங்காலை இடித்துக்கொண்டு, விறுவிறுவென்று போனேன். அறைக்குள் காலை வைத்துச் சுவிட்சுக்குக் கையைத் தூக்கினேன்.

"வந்திய பாத்தியளா!"

கதவுக்குப் பின்னால், அரிசி டிரம்மின்மேல் சுஜா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தட்டு நிறைய, வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த சூடான பழம்பொரி. முகமெல்லாம் சிரிப்பு.

"வேல உறுதியாச்சு. அடுத்த லெவலும் எனக்கே தந்திருக்கு. மத்தியானமே சொல்லியாச்சு."

"பின்ன எனக்கு ஃபோன் பண்ணக் கூடாதா?"

"ஃபோன்ல சொன்னா 'சரி'ன்னு சொல்லி வச்சிருவிய. இப்பம் ஓடி வந்தியளா, இல்லியா?"

அந்தப் பழைய சாமான்களுக்கு நடுவில், தேங்காய்க் குவியலின்மேல் உட்கார்ந்து இருவரும் பழம்பொரி தின்றோம். இவ்வளவு சந்தோஷமாக அந்த அறையில் நான் இருந்ததே இல்லை. அரவிந்தும் மெசேஜ் அனுப்பியிருந்தாராம்: 'கங்கிராட்ஸ் மேடம். இனிமே முறின்னா ரூம், வெட்டம்னா லைட். தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்.'

தட்டு காலியானது. எழுந்தோம். வெளியே வரும்போது பழக்கதோஷத்தில் என் கை சுவிட்சுக்குப் போனது.

சுவிட்சின்மேல் குறுக்கே டேப் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தாள்: "இது வெட்டம். வெட்டாண்டாம்."